வெண்திட்டும் தனிப் பீங்கானும்

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு கிளினிக் நாள். மட்டக்களப்பில் அந்த மாதத்தில் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றாலே சட்டை நனைந்துவிடும். அந்த வெக்கையிலும் பதினைந்து வயதுப் பிள்ளையொன்று, மணிக்கட்டு வரை மூடிய நீளக்கைச் சட்டையோடு வாங்கின் கடைசியில் இருந்தாள். அவளுடைய இலக்கம் பத்துக்குள்தான். ஆனாலும் பின்னால் வந்தவர்களையெல்லாம் "நீங்க போங்க" என்று விட்டுக்கொடுத்து, விறாந்தை வெறிச்சோடிய பிறகே தாயோடு உள்ளே வந்தாள்.

"ஒண்டுமில்ல டொக்டர், தேமல்தான்" என்றார் தாய். சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன். முழங்கையிலும் விரல் நுனிகளிலும் பால்வெள்ளையாகத் திட்டுகள். தேமல் இப்படி இருக்காது. இது விட்டிலிகோ.

பிள்ளை வெகுநேரம் வாயே திறக்கவில்லை. பிறகு தமிழ்த்தினப் போட்டியைப் பற்றிச் சொன்னாள். குழு நடனத்தில் முன்வரிசையில் ஆடியவளை ரீச்சர் முதலில் பின்வரிசைக்கு மாற்றினாராம். மறுகா, "நீ திரையப் பிடி மகள்" என்றாராம். "ஏசவே இல்ல டொக்டர். அன்பாத்தான் சொன்னாங்க." அந்தக் கடைசி வசனம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏசியிருந்தால் அவள் கோபப்பட்டிருக்கலாம். அன்பாகச் சொன்னதால் அதுதான் நியாயம் என்று நம்பிவிட்டாள். வீட்டிலும் அம்மம்மா அவளுக்குச் சோற்றுப் பீங்கானைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். (ஆளை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நமது தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைச் செய்யும் கலங்களை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அழித்துவிடுவதுதான் விட்டிலிகோ. கிருமி எதுவும் இல்லை. தொட்டாலோ, ஒரே பீங்கானில் சாப்பிட்டாலோ, ஒரே பாயில் படுத்தாலோ இது வராது. உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஆனால் நம் ஊரில் இதற்கு 'வெண்குட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எத்தனையோ பேருடைய வாழ்க்கையை அந்த ஒரு சொல் கெடுத்திருக்கிறது. குட்டம் என்ற தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தாய்க்கு அதை வாயால் விளக்குவதைவிடக் காட்டுவது நல்லது என்று நினைத்தேன். பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை நூலாகத் திரித்து வெள்ளைத் திட்டின் நடுவில் மெல்லத் தொட்டேன். தொட்ட இடத்திலேயே விரலை வைத்தாள். அடுத்த திட்டிலும் அப்படியே. தொழுநோய்த் திட்டாக இருந்தால் பெரும்பாலும் அந்த இடம் மரத்துப் போயிருக்கும், நிறமும் இப்படிப் பால்வெள்ளையாக மாறாது. தாய் பஞ்சைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு தானாகவே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று மட்டக்களப்பில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாவிக்கு நடுவே மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரைத் தோணியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்தான் அந்த அம்மம்மாவும். ஆனால் 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு நிலைமை முற்றாக மாறிவிட்டது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து, அதுவும் அரச வைத்தியசாலையில் இலவசம். மருந்து தொடங்கிச் சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றும் தன்மை போய்விடும். பத்தாயிரம் பேருக்கு ஒரு தொழுநோயாளருக்கும் குறைவு என்ற நிலையை இலங்கை 1995இலேயே எட்டிவிட்டது. அப்படியிருந்தும் கிழக்கில் நாங்கள் இன்னும் புதிய நோயாளரைக் காண்கிறோம். சிலர் விரல் மடங்கிய பிறகுதான் வருகிறார்கள். "ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டால், "ஆரும் கண்டா என்ன நினைப்பாங்க" என்பதுதான் பதில். நரம்பு ஒருமுறை கெட்டுவிட்டால் அதை மீட்பது கடினம். தொடக்கத்திலேயே வந்திருந்தால் அந்த விரல் காப்பாற்றப்பட்டிருக்கும்.

தோற்றத்தை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் வைத்தியருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து ஒரு வயல்காரர் வருவார். மடித்துக் கட்டிய சாரம், குதிக்காலில் காய்ந்த சேறு. இவர் குளிசையை ஒழுங்காகப் போடமாட்டார் என்று நானே முடிவெடுத்து, "சொல்றது விளங்குதா?" என்று சற்று உரத்துக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சொப்பிங் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார். எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எந்தக் குளிசை என்று மூன்று மாதக் கணக்கு, ஒரு நாள் தவறாமல் எழுதியிருந்தது. அன்று மன்னிப்புக் கேட்டேன். 1920இல் தோர்ண்டைக் என்ற உளவியலாளர் ஒன்றைக் காட்டினார். இராணுவ அதிகாரிகளிடம் தங்களுக்குக் கீழிருந்தவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைத்துவம், குணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே புள்ளி கேட்டால், ஒன்றில் உயர்ந்தவருக்கு மற்றவற்றிலும் உயர்த்தியே போட்டார்கள். அந்தக் கொப்பியைப் பார்க்கும் வரை நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், சேற்றைப் பார்த்து அறிவுக்குப் புள்ளி குறைத்து.

இதன் மறுபக்கமும் உண்டு. 1980இல் அமெரிக்காவில் கிளெக், ஸ்ட்ரெண்டா என்ற இருவர், ஆட்களின் முகத்தில் ஒப்பனையால் தழும்பு வரைந்து கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு ஏதோ பூசுவதாகச் சொல்லி அவர்களுக்குத் தெரியாமலே அதைத் துடைத்துவிட்டார்கள். தழும்பே இல்லாத முகத்தோடு பேசப் போனவர்கள், எதிரில் இருந்தவர் தம்மைக் கண்டு சங்கடப்பட்டதாகத் திரும்பிவந்து சொன்னார்கள். ஆகவே திரை பிடிக்கப்போன பிள்ளைக்கு மருந்து மட்டும் போதாது. இனி யார் சும்மா திரும்பிப் பார்த்தாலும் தன் கையைத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். பாடசாலைக்கு ஒரு கடிதம் கொடுத்தேன்: தொற்றாது, விளையாடலாம், ஆடலாம், முன்வரிசையில் நிற்கலாம். விரல் நுனியில் நிறம் திரும்புவது மிகக் கடினம் என்பதையும் அவளிடம் மறைக்கவில்லை. நிறம் வந்தால்தான் ஆடலாம் என்று அவள் காத்திருக்கக்கூடாது.

நிறம் என்றதும் இன்னொரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. கலியாணத்துக்கு இரண்டு, மூன்று மாதம் இருக்கும்போது வரும் பிள்ளைகள். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். பிள்ளை கொஞ்சம் கறுப்பென்றால் வீட்டோடு காணியும் கேட்கிறார்கள். அந்தப் பேச்சைக் காதால் கேட்ட பிள்ளை, லேபல் இல்லாத டப்பாவில் விற்கும் கிறீமை வாங்கிப் பூசாமல் என்ன செய்வாள்?

அந்தக் கிறீம்களில் பலவற்றில் இருப்பது கடுமையான ஸ்டீரொயிட், சிலவற்றில் பாதரசம். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு இரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், பரு கிளம்பும், முடி வளரும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும், அதற்குப் பயந்து திரும்பவும் பூசுவார்கள். பாதரசம் தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பூசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்தாமல் முதலில் கிளினிக்குக்கு வாருங்கள். எப்படிக் குறைப்பது என்று சொல்கிறோம். வரும்போது அந்த டப்பாவையும் கொண்டு வாருங்கள். ஏச மாட்டேன்.