ஒளிக்கசிவு: முதலில் நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள்

ஆலப்புழையில் உருவான வாகீஸ்வரியைப் போன்று ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் உழைத்த மரக் கேமராக்களை இளைஞர்கள் தேடி வாங்கிப் படமெடுப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால், ஒளி கசிந்து நெகட்டிவில் கருமை படர்ந்ததும் ஃபிலிமையோ டெவலப்பரையோ குறை கூறிப் பணத்தை வீணாக்குகிறார்கள். பழுதுபார்க்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது கெட்டுப்போன அந்த நெகட்டிவைத்தான்.

ஃபிலிமை ஏற்றிக் கேமராவின் பின்புறம் செருகும் தட்டையான உறைதான் ஹோல்டர்; ஃபிலிமின் ஓரம் அதன் காடிக்குள் மறைந்திருக்கும். அந்த ஓரம் தெளிவாக இருந்து படப்பகுதி மட்டும் கறுத்திருந்தால், ஹோல்டரில் ஃபிலிமை மூடியிருக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவிய பின் கேமராவுக்குள் ஒளி புகுந்திருக்கிறது. ஓரமும் கறுத்திருந்தால் ஹோல்டரையோ, ஃபிலிம் ஏற்றிய அறையையோதான் சந்தேகிக்க வேண்டும். டார்க் ஸ்லைடு நுழையும் பக்கத்திலிருந்து கீற்றாகக் கருமை ஓடினால், பெரும்பாலும் அங்குள்ள வெல்வெட் பட்டை தேய்ந்திருக்கும்.

லென்ஸ் பக்கத்தையும் பின்புறத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியான பெல்லோஸைச் சோதிக்க, பின்புறம் ஹோல்டரைச் செருகி, லென்ஸ் போர்டைக் கழற்றிச் சிறிய எல்.இ.டி. டார்ச்சை உள்ளே வைத்து, ஷட்டரை மூடிய நிலையில் போர்டை மீண்டும் பொருத்துங்கள். இருட்டறையில் கண் பழக 10 நிமிடம் காத்திருந்து, பெல்லோஸை முழுவதும் நீட்டி, லென்ஸ் பக்கத்தை மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். மடிப்பு விரியும்போது மட்டும் வாய் திறக்கும் ஓட்டைகள் உண்டு. அண்மையில் வந்த ஒரு பெல்லோஸ் பகலில் பழுதில்லாததாகவே தெரிந்தது. இருட்டில், ஒரே மூலையின் அடுத்தடுத்த மடிப்புகளில் ஊசிமுனை அளவில் ஏழு ஓட்டைகள் ஒளிர்ந்தன.

அதே கேமராவில் சில படங்கள் மட்டும் கெடுவதற்கும் காரணம் உண்டு. ஷட்டர் அரை விநாடிதான் திறக்கிறது என்றாலும், டார்க் ஸ்லைடு 40 விநாடி வெளியே இருந்தால், அதைப்போல் 80 மடங்கு நேரம் கசிவு ஃபிலிமின் மீது விழுகிறது.

சிறு ஓட்டைகளுக்குத் துணிக்குப் பூசும் கறுப்பு வண்ணத்தை மெல்லிய தூரிகையால் இரண்டு மூன்று முறை பூசி, பெல்லோஸை ஒரு நாள் நீட்டியே உலரவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் மடிப்புகள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழியும். எலக்ட்ரீஷியன் டேப் வேண்டவே வேண்டாம். நம் வெயிலில் அதன் பசை இளகி வழியும், தடிப்பால் பெல்லோஸும் முழுதாக மடங்காது. எல்லா மூலைகளும் நைந்திருந்தால் புதிய பெல்லோஸ் போடுவதே நல்லது.

பிறகு ஒரு ஃபிலிமை ஏற்றி, ஷட்டரைத் திறக்காமல், டார்க் ஸ்லைடை உருவி, வெயிலில் ஒரு நிமிடம் கேமராவைத் திருப்பித் திருப்பி வைத்து டெவலப் செய்யுங்கள். ஓரத்துக்கும் நடுவுக்கும் வேறுபாடு தெரியாவிட்டால்தான் கேமராவைத் திருப்பிக் கொடுக்கிறேன். தெரிந்தால் மீண்டும் டார்ச்சை எடுக்கிறேன்.