ரெண்டு மாத்திரை, நடுவுல ஒரு நாள்

நாள் தள்ளிப்போச்சு, டெஸ்ட் கிட்ல ரெண்டு கோடு, எதிர்பார்க்கவே இல்ல. ராத்திரி தூக்கம் வராம போன்ல தேடினா ஒரு பக்கம் பயமுறுத்தல், இன்னொரு பக்கம் "ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்"னு அரைகுறை பேச்சு. கருக்கலைப்புக்கு ஒரு மாத்திரை எல்லாம் கிடையாது. ரெண்டு வேற வேற மருந்து, நடுவுல ஒரு நாள் கேப். அந்த கேப்ல தான் விஷயமே இருக்கு.

முதல்ல புரோஜெஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன். மாசாமாசம் முட்டை வெளிய வந்ததும் அது இருந்த இடம் ஒரு சின்ன மஞ்சள் கட்டியா மாறி இந்த ஹார்மோனை சுரக்க ஆரம்பிக்கும். இது கர்ப்பப்பையோட உள்சுவரை மெத்துனு வச்சிருக்கும், கர்ப்பப்பை தசையையும் சுருங்க விடாம அடக்கி வச்சிருக்கும். கர்ப்பம் இல்லேன்னா ரெண்டு வாரத்துல சுரப்பு நின்னு உள்சுவர் உதிரும், அதான் பீரியட்ஸ். கர்ப்பம்னா கரு ஹெச்சிஜினு இன்னொரு ஹார்மோனை அனுப்பி சுரப்பை நிக்க விடாம பாத்துக்கும் (டெஸ்ட் கிட் பிடிக்கிறதும் இந்த ஹெச்சிஜியத்தான்).

முதல் மாத்திரை மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம், தண்ணியில முழுங்கறது. இது புரோஜெஸ்டிரோனை அழிக்காது, குறைக்காது. அந்த ஹார்மோன் போய் உக்கார வேண்டிய ரிசெப்டர்ல (செல்லுல அதுக்குன்னே இருக்கிற இடம்) இது முந்திக்கிட்டு துண்டு போட்டு சீட்டு பிடிச்சிடும், ஆனா அங்க உக்காந்து எந்த வேலையும் பாக்காது. ரத்தத்துல ஹார்மோன் ஏகத்துக்கு இருக்கும், கர்ப்பப்பைக்கு மட்டும் அது இல்லாத மாதிரியே தெரியும். ஒரு வேடிக்கை, கோழிக்கும் ஹாம்ஸ்டருக்கும் இருக்கிற ரிசெப்டர்ல ஒரே ஒரு அமினோ அமிலம் வேற, கிளைசின் இருக்க வேண்டிய இடத்துல சிஸ்டீன், அவ்வளவு தான், அங்க இந்த மருந்து ஒட்டவே ஒட்டாது.

இத போட்டதும் நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாது, "வேலை செய்யலையோ"ன்னு பதட்டம் வரும். ஆனா உள்ள வேலை நடந்துட்டு தான் இருக்கு. உள்சுவர் தளர்ந்து கரு பிடிப்பை விடுது, கர்ப்பப்பை வாய் இளகுது, அதைவிட முக்கியம், அடங்கிக் கிடந்த தசை, அதை சுருங்க வைக்கிற புரோஸ்டகிளாண்டின்ங்கற பொருளுக்கு பல மடங்கு சென்சிட்டிவ் ஆகுது. இதுக்கு 24லேருந்து 48 மணி நேரம் ஆகும். கேப் எதுக்குன்னா இதுக்குத்தான்.

அப்புறம் ரெண்டாவது, மிசோபிரோஸ்டால், 800 மைக்ரோகிராம், பொதுவா 200 மைக்ரோகிராம் மாத்திரை நாலு. இது புரோஸ்டகிளாண்டினோட நகல், தசையை சுருங்க வைக்கும். முழுங்கினா சட்டுன்னு ஏறி சட்டுன்னு இறங்கிடும், அதனால தான் கன்னத்துக்குள்ள ஒரு பக்கம் ரெண்டு இன்னொரு பக்கம் ரெண்டுனு அடக்கி வச்சு அரை மணி நேரம் கரைய விடச் சொல்றாங்க, இல்லன்னா நாக்குக்கு அடியில, இல்லன்னா பிறப்புறுப்புல. வாய் வறண்டு சாக்பீஸ் மாதிரி இருக்கும். சில மணி நேரத்துல வலியும் ரத்தப்போக்கும் ஆரம்பிக்கும், வழக்கமான பீரியட்ஸை விட கண்டிப்பா அதிகம், கட்டிகட்டியா வரலாம், குளிர் காய்ச்சல், வாந்தி, வயித்துப்போக்கும் வரலாம். வலிக்கு ஐபுப்ரோஃபென் போடலாம், அது மருந்தை கெடுக்காது.

ரெண்டு மருந்துமே வேற எதையோ தேடப்போய் வந்தது தான். மிஃபெப்ரிஸ்டோன் 1980ல பிரான்ஸ்ல ரூசெல்-உக்லாஃப் கம்பெனியில, கார்டிசால் மாதிரி ஹார்மோன்களை தடுக்கிற மருந்தை தேடும்போது கிடைச்சது, 1988ல அங்க அனுமதி. மிசோபிரோஸ்டால் அல்சர் மருந்து, 1980கள்ல பிரேசில் பெண்கள் தான் இதை கருக்கலைப்புக்கு பயன்படுத்தலாம்னு கண்டுபிடிச்சாங்க. 2005ல உலக சுகாதார நிறுவனம் ரெண்டையும் சேர்த்து அத்தியாவசிய மருந்து பட்டியல்ல போட்டுச்சு.

வாரக்கணக்குல தான் நிறைய குழப்பம். கடைசி பீரியட்ஸோட முதல் நாள்லேருந்து எண்ணணும், உறவு வச்ச நாள்லேருந்து இல்ல, அதனால நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்னாலே கணக்குல சுமார் அஞ்சு வாரம். உலக சுகாதார நிறுவனம் இந்த முறையை வீட்லயே செய்ய 12 வாரத்துக்குள்ளன்னு சொல்லுது, அமெரிக்காவுல 10 வாரம், சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சரியா எடுத்தா நூத்துல 95 பேருக்கு மேல வேற சிகிச்சை தேவைப்படாது.

ஆனா கரு கர்ப்பப்பைக்கு வெளிய, கருக்குழாய்ல தங்கியிருந்தா இந்த மாத்திரை எதுவும் பண்ணாது, கரு வளர்ந்து குழாய் வெடிக்கலாம். ஒரு பக்கமா வயித்து வலி, தோள்பட்டை நுனியில வலி, தலைசுத்தல்னா காத்திருக்கவே கூடாது. நீண்ட நாளா ஸ்டீராய்டு எடுக்கறவங்க, ரத்தம் உறையாத பிரச்சனை இருக்கறவங்க, காப்பர் டி உள்ள இருக்கறவங்க முதல்ல டாக்டர்கிட்ட அதை சொல்லியே ஆகணும். மாத்திரை போட்டப்புறம் தொடர்ந்து ரெண்டு மணி நேரம், மணிக்கு ரெண்டு பெரிய பேட் முழுசா நனைஞ்சாலோ, ஒரு நாள் தாண்டியும் காய்ச்சல் விடலேன்னாலோ, நாத்தமடிக்கிற வெள்ளை போனாலோ உடனே ஆஸ்பத்திரி.

அடுத்த வாரமே டெஸ்ட் கிட் எடுத்து பாத்து பாசிட்டிவ்னு பயந்துடாதீங்க, ஹெச்சிஜி மெதுவா தான் இறங்கும், நாலு வாரம் வரைக்கும் கோடு காட்டலாம். கருமுட்டை அவ்வளவு நாள் காத்திருக்காது, மாத்திரை போட்ட எட்டாவது நாள்லயே அடுத்தது வெளிய வரலாம், அதாவது அடுத்த பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே மறுபடி கர்ப்பம் ஆகலாம்.