பள்ளி மேலாண்மைக் குழு: உறுப்பினராவது எப்படி, ஆன பிறகு எதைக் கேட்கலாம்?

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதா? அப்படியென்றால் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குப் போட்டியிட உங்களுக்கு உரிமை உண்டு. டெபாசிட் கட்ட வேண்டாம். பத்தாவது பாஸா, பன்னிரண்டாவது பாஸா என்று யாரும் கேட்கக் கூடாது. "நான் கைநாட்டு, எனக்கென்ன தெரியும்" என்று ஒதுங்கும் அம்மாக்களைத்தான் இந்தக் குழுவுக்கு முதலில் கூப்பிட வேண்டும். மதியச் சாப்பாட்டில் பிள்ளை எதை மிச்சம் வைக்கிறது, கழிப்பறைக்குப் போகப் பயந்து ஏன் தண்ணீரே குடிக்காமல் வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21 கொடுத்த உரிமை இது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதி போன்றவர்கள் மீதி இடங்களில் வருவார்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர். கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு தலைமை ஆசிரியருடையது. உதவிபெறும் பள்ளிகளிலும் குழு உண்டு, ஆனால் அங்கே ஆலோசனை சொல்வதோடு சரி. உதவிபெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

பலர் இதையும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. கழகத்தில் ஏற்கெனவே ஒருவர் தலைவராக இருக்கிறார் என்பதால் குழுவில் உங்களுக்கு இடமில்லை என்று ஆகாது.

தமிழ்நாட்டில் குழுவின் காலம் இரண்டு ஆண்டு. 2022-லும் 2024-லும் மறுகட்டமைப்பு நடந்தது. பிள்ளையின் கையில் வரும் கூட்ட அறிவிப்பைக் கவனமாகப் பாருங்கள். அன்றைக்கு வந்திருக்கும் பெற்றோர்தான் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்துப் பேர் வந்தால் அந்தப் பத்துப் பேருக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால் ஒரு வாரம் முன்பே தெருவில் நாலு அம்மாக்களிடம் பேசி, சேர்ந்து போங்கள். எழுந்து நின்று, இன்ன வகுப்பில் என் பிள்ளை படிக்கிறது, பள்ளியில் இந்த ஒரு வேலையை முடிக்கப் பார்ப்பேன் என்று சொன்னால் போதும்.

உறுப்பினர் ஆனதும் முதலில் பார்க்க வேண்டியது தீர்மான நோட்டு. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா உறுப்பினர். வேலைக்குப் போகும் அவசரத்தில் பள்ளி வாசலிலேயே நோட்டை நீட்டுவார்கள், அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் கூடப் போயிருந்தேன். தேதி இருந்தது, கீழே வரிசையாக ஆறு கையெழுத்து இருந்தது. நடுவில் ஒரு பக்கம் முழுக்க வெற்றிடம். பிறகு அதில் யார் என்ன எழுதினாலும் அது அக்காவின் தீர்மானம்தான். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எழுதி முடித்ததைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது பணம். பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதிமுறைப்படி பள்ளிக்கான ஆண்டு மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். வந்ததா, எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, பில் எங்கே என்று கேட்கலாம். மானியத்தின் பயன்பாட்டைக் கண்காணிப்பதைச் சட்டமே குழுவின் வேலையாகச் சொல்கிறது. கேட்டால் ஆசிரியர் மேல் சந்தேகப்படுவதாக ஆகிவிடாது. நல்ல தலைமை ஆசிரியர்கள் அவர்களாகவே கணக்கை எடுத்து வைப்பதும் உண்டு.

பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் குழுவின் பொறுப்புதான் (பிரிவு 22). ஓட்டை விழுந்த கூரையும் பூட்டியே கிடக்கும் கழிப்பறையும் அந்தத் திட்டத்தில் எழுத்தில் ஏற வேண்டும். அதை வைத்துத்தான் அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்கிறது சட்டம். கூட்டத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அடுத்த மழைக்கும் பிள்ளைகள் அதே கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

பிள்ளையின் உரிமை எதுவும் மறுக்கப்பட்டால் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் அவர்கள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும் என்பது பிரிவு 32. மனுவின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.