டைப்ரைட்டருக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்

இந்த மழைக்காலத்தில் என்னிடம் ரிப்பேருக்கு வந்த நான்காவது மெஷின் இது. குளச்சலில் இருந்து ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். கோத்ரெஜ் தமிழ் மெஷின், அப்பா பத்திரம் அடித்தது. "எல்லாம் இறுகிப் போச்சு அண்ணே, எண்ணெய் விட்டும் பார்த்தோம்" என்றார் மகன். மூடியைத் திறந்ததுமே தேங்காய் எண்ணெய் வாடை. ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை, ஊற்றியிருக்கிறார்கள்.

கீ இறுகினால் எண்ணெய் விட வேண்டும் என்று யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ! தையல் மெஷினுக்கு விடுகிறோமே, இதற்கு விட்டால் என்ன என்று கேட்கிறார்கள். தையல் மெஷினில் தண்டு வேகமாகச் சுற்றுகிறது, அதற்கு எண்ணெய் வேண்டும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு டைப் பாரும் (நுனியில் எழுத்து உள்ள கம்பி), செக்மென்ட் என்கிற வளைந்த இரும்பில் ஒரு மெல்லிய பள்ளத்துக்குள் எழும்பி விழுகிறது, அந்தப் பள்ளம் காய்ந்து கிடந்தால்தான் அது தானாகத் திரும்பி விழும். எண்ணெய் விட்ட அன்று நன்றாகத்தான் ஓடும். அதை நம்பித்தான் மறுநாளும் விடுகிறார்கள். அப்புறம் ரிப்பன் மை, பேப்பர் தூசி, நம்ம கடற்கரைப் பொடிமணல் எல்லாம் அதில் ஒட்டிக் கருப்பட்டிப் பாகு மாதிரி ஆகிவிடும். குளச்சல் மெஷினில் 'ன' பாதி எழும்பி அங்கேயே நின்றது, விரலால் தள்ளித்தான் படுக்க வைத்தேன். இறுகியது அழுக்கால், எண்ணெய் இல்லாததால் அல்ல. அழுக்கை எடுங்கள், போதும்.

எடுப்பதற்குப் பழைய பல் துலக்கும் பிரஷும் கொஞ்சம் பெட்ரோலும் போதும். திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், பிசுக்கை விட்டுப் போகும். பேப்பரைச் சுற்றும் ரோலரில் பெட்ரோலும் படக் கூடாது, ரப்பர் கெட்டுவிடும்.

இன்னொன்று, மெய்யெழுத்துப் புள்ளி அடித்தால் கேரேஜ் (பேப்பரோடு நகரும் மேல்பகுதி) நகரவில்லை என்று ஒருவர் உள்ளே கம்பியை வளைத்துவிட்டு வந்தார். தமிழ் மெஷினில் புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில்தான் எழுத்தை அடிக்க வேண்டும். அது நகரவே கூடாது ஐயா!

நம்ம குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை, போதாததற்கு உப்புக்காற்று. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நின்று துரு ஏறும். பருத்தித் துணி போடுங்கள். தூக்கும்போது கேரேஜைப் பிடிக்காமல் அடியில் கை கொடுங்கள். மாதம் ஒரு தடவையாவது ஒரு பக்கம் அடியுங்கள்.

ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) எடைக்குப் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1955ல் டைப்ரைட்டர் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் 2009ல் நிறுத்திவிட்டது. ஆனால் அரசுத் தட்டச்சுத் தேர்வுக்கு இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகள் இன்னும் மெஷினில்தான் பழகுகிறார்கள். புது பாகம் வராது, ஒன்றில் கழற்றித்தான் இன்னொன்றுக்குப் போடுகிறேன். ஓடாத மெஷினாக இருந்தாலும் எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

குளச்சல் மெஷினுக்கு இரண்டு நாள் பிடித்தது. 'ன' இப்போது டக்கென்று விழுகிறது. எண்ணெய் குடித்து ஊதிப்போன ரோலருக்குத்தான் மாற்று தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கோத்ரெஜ் கிடந்தால் சொல்லுங்கள்.