வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

வீட்டுக்குள் அழகுக்காக வளர்க்கிறோமே, பெப்பரோமியா என்ற சின்னச் செடி, அது வாடிப்போய் என்னிடம் வருவது இந்த மாதத்தில் இது நான்காவது. கொண்டு வந்தவர் சொன்னதும் அதே வசனம்தான்: "தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேனே!" அதனால்தான் போயிற்று என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

செடி இருந்தது ஓட்டை இல்லாத அழகான பீங்கான் தொட்டியில். உள்ளே இருந்த பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கினேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர், சாக்கடை வாடை. சிவப்பு ஓரமும் வெளிர்மஞ்சள் பட்டையுமாக இலைகள் இன்னும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. வேரைப் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்துவிட்டது. மிஞ்சியது நூல் மட்டும்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒரு நம்பிக்கையில்தான்: இலை தொங்கினால் தாகம். தாகத்திலும் தொங்கும், வேர் அழுகினாலும் தொங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் நின்றபடியே செடி காய்கிறது. பாவம், வாடியிருக்கிறதே என்று இன்னொரு டம்ளர் ஊற்றுகிறோம். அத்தோடு கதை முடிந்தது. இலையைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்து, விரலை விட்டால் மண்ணும் உலர்ந்திருந்தால் தாகம். கனமாக இருந்து, இலை தொட்டதும் உதிர்ந்தால் அழுகல்.

பெப்பரோமியா மிளகு, வெற்றிலையின் குடும்பம். அதன் பல இனங்கள் காட்டில் மரக்கிளைகளில் தொற்றி வளர்பவை. வேர் கொஞ்சம்தான், தண்ணீரைத் தடித்த இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதற்காகக் கள்ளி மாதிரி மாதக்கணக்கில் காயப் போடவும் கூடாது. மேல்மண் நன்றாக உலர்ந்ததும் அடி ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். இலைமேல் தெளிப்பான் அடிக்கும் சடங்கும் வேண்டாம். கோகோபீட்டோடு (தென்னை நார்க் கழிவு) பெர்லைட்டைத் (தண்ணீர் வடிய உதவும் லேசான வெள்ளைக் குருணை) தாராளமாகக் கலந்து, சின்னத் தொட்டியிலேயே வையுங்கள். "வளர இடம் வேண்டாமா?" என்று பெரிய தொட்டிக்கு மாற்றினால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடக்கும்.

நிறம் மங்குகிறது என்று உரம் வாங்க வருகிறவர்கள் தனி ரகம். குறைவது வெளிச்சம் ஐயா, உரமில்லை! வெளிர்ப் பட்டையில் பச்சையம் கிடையாது. அறையின் மூலையில் வைத்தால் புதுத் துளிர் வெறும் பச்சையாக வரத் தொடங்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில், உச்சி வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். முழுப் பச்சையாகக் கிளம்பும் கிளையை இரக்கம் பார்க்காமல் வெட்டுங்கள். விட்டால் அதுவே செடியை ஆக்கிரமித்துவிடும்.

அழுகத் தொடங்கிவிட்டதா? உரம் போடாதீர்கள், தயவுசெய்து. கறுப்பு தெரியாத இடம்வரை தண்டை மேலே மேலே நறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, புதுக் கலவையில் ஊன்றுங்கள். ஒற்றை இலையை நட்டாலும் துளிர்க்கும். ஆனால் பல நிற ரகங்களில் பெரும்பாலும் பச்சைக் குட்டிதான் வரும். நிறம் வேண்டுமென்றால் கணுவோடு தண்டுதான்.

அந்தச் செடியில் தேறியது இரண்டு தண்டு. நறுக்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். வாசல்வரை போனவர் திரும்பிக் கேட்டார்: "அந்தப் பீங்கான் தொட்டியிலேயே வைக்கலாம் இல்லையா?"