உலாவி அல்ல, தழைதின்னி

ஆடு வளர்ப்புப் பயிற்சி ஒன்றில் கொடுத்த கையேட்டில், 'வெள்ளாடு ஓர் உலாவி' என்று அச்சடித்திருந்தது. ஆங்கிலத்தில் பிரவுசர் (browser) என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். அதற்கு முன்பே காட்டுயிர்ப் படங்களின் தமிழ்க் குரலில் ஒட்டகச்சிவிங்கியும் உலாவியாகிவிட்டது. இதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை.

பிரவுசர் என்ற ஆங்கிலச் சொல், தளிர், மொட்டு என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மரம் செடியின் தழையைக் கடித்துத் தின்னும் விலங்கைக் குறித்தது. அங்குமிங்கும் புரட்டிப் பார்க்கும் பொருள் பின்னால் ஏறியது. கணினியில் இணையம் பார்க்கும் மென்பொருளை உலாவி என்றது அந்தப் பொருளில். அங்கே அது நல்ல சொல்தான். ஆட்டுக்கு? உலாவுவதென்றால் எருமையும்தான் உலாவுகிறது.

காங்கேயம் பக்கம் ஏதாவது ஒரு கொறங்காட்டில், அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தில், கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேல்தாடையில் முன்பல் இல்லை. வித்தியாசம் நாக்கிலும் உதட்டிலும் இருக்கிறது. மாடு தலையைத் தாழ்த்தி, கொழுக்கட்டைப் புல்லை நாக்கால் வளைத்து இழுக்கும். வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து, முன்னங்காலைக் கிளுவை வேலியில் ஊன்றி, முள்ளை விட்டுவிட்டு இலையை மட்டும் உதட்டால் பொறுக்கும்.

சரி, 'தழையுண்ணி' என்று வைக்கலாமே என்பார்கள் சிலர். பாடநூலில் தாவர உண்ணி, ஊன் உண்ணி என்று பழகிய பழக்கம். எனக்கு உடன்பாடில்லை. பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். "உண்ணின்னா ஆட்டுக் காதுல ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதுங்களா?" என்று கேட்டார். மாட்டுண்ணி, ஆட்டுண்ணி என்று ரத்தம் குடிக்கும் பூச்சிக்கு வழங்கும் பெயரை ஆட்டுக்கே எப்படிச் சூட்டுவது? தவிர, சோறு உண்பது மனிதர். கடித்து மெல்லுவது தின்பது. எறும்புதின்னி, பிணந்தின்னிக் கழுகு என்று நம் சனங்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். தின்னி என்றால் வசைபோல் இருக்கிறதாம்! விலங்கின் பெயரில் அது வெறும் வினை.

எனவே பிரவுசருக்குத் தழைதின்னி, மாடு போலப் புல் மேய்வதற்குப் புல்தின்னி. 1989-இல் ஹாஃப்மன் என்ற ஆய்வாளர் அசைபோடும் விலங்குகளைத் தீனியை வைத்து மூன்றாகப் பிரித்தபோது வெள்ளாட்டை நடுவில்தான் வைத்தார். தழையும் தின்னும், புல்லும் தின்னும். ஒட்டகச்சிவிங்கிதான் முழுத் தழைதின்னி. ஆக, கையேட்டில் சொல் மட்டுமல்ல, வகையும் முழுதாகச் சரியில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள், எழுதுவதற்கு முன் ஒரு ஆட்டுக்காரரிடம் கேட்டிருக்கலாம். அப்புறம் அந்தக் கையேட்டை வாங்கிப் போனவர்களும் ஆட்டுக்காரர்கள்தான்.