தகடு நல்லாத்தான் இருக்கு, சேம்பர்தான் போச்சு

அடியில் பாதுகாப்புத் தகடு போட்டும் ஆயில் சேம்பர் உடைந்து வந்த வண்டிகளில், இந்த மழைக்காலத்தில் இது மூன்றாவது. சக்லேஷ்பூரிலிருந்து 220 கிலோமீட்டர் ஃப்ளாட்பெட்டில் வந்து பெங்களூரு பொம்மனஹள்ளியில் என் பட்டறை வாசலில் இறங்கியது. டீசல் பிக்கப், வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் அடியில் 6 எம்.எம். இரும்புத் தகடு, அதில் ஒரு முழ நீளத்துக்குப் பெயின்ட் உரிந்த கீறல், வேறு ஒன்றுமில்லை, ஒரு நெளிவுகூட இல்லை. தகட்டைக் கழற்றினோம். உள்ளே என்ஜின் ஆயில் நிற்கிற அலுமினியச் சட்டி, அதாவது ஆயில் சேம்பரில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

வண்டிக்காரத் தம்பி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தகடு நல்லாத்தானே இருக்கு அண்ணா, சேம்பர் எப்படிப் போச்சு?"

சேம்பரை உடைத்ததே அந்தத் தகடுதான். முன்பக்க போல்ட் இரண்டையும் ரேடியேட்டரைத் தாங்குகிற மெல்லிய பட்டியில் மாட்டியிருந்தார்கள். வண்டியின் எலும்புக்கூடான சேசிஸைத் தொடவே இல்லை. தகட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. பாறை மோதியதும் அந்தப் பட்டி மடங்கியது, தகடு மொத்தமாகப் பின்னால் போய்ச் சேம்பரை இடித்தது. கல்லுக்குப் பதிலாகத் தகடு அடித்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை எம்.எம். அண்ணா?" போனில் அதே கேள்வி, வாட்ஸ்அப்பில் அதே கேள்வி. எதில் மாட்டுவீர்கள், போல்ட் என்ன கிரேடு, எத்தனை இடத்தில் சேசிஸைப் பிடிக்கும் என்று இத்தனை வருடத்தில் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தகட்டின் வேலை அடியை வாங்கி அதைச் சேசிஸுக்கும் அதன் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்கும் கொடுப்பது. அடி சேசிஸுக்குப் போகவில்லை என்றால் 6 எம்.எம். போட்டாலும் 10 எம்.எம். போட்டாலும் அது அடியில் தொங்குகிற எடை. தகரக் கொட்டகை ஷீட்டைப் பார்த்திருப்பீர்கள், அது ஏன் அலை அலையாக மடித்திருக்கிறது? மடிப்புதான் பலம். ஓரத்தை மடித்து, நடுவில் வரி போட்டு வளைத்த 3 எம்.எம். இரும்பு, மடிப்பே இல்லாத சப்பைத் தகட்டைவிட நன்றாக உழைக்கும். எடைக் கணக்கையும் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 3 எம்.எம். என்றால் ஏறக்குறைய 23.5 கிலோ, 6 எம்.எம். என்றால் 47 கிலோ. அதே 6 எம்.எம்.மில் அலுமினியம் 16 கிலோதான். ரேடியேட்டரில் ஆரம்பித்து, கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வரை மூட ஒரு சதுர மீட்டருக்கு மேலேயே தேவைப்படும். அதோடு இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கிற வின்ச் என்று ஏற்றிக்கொண்டே போனால் முன் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும். காசு கொடுத்துத் தகடு போட்டு, தரைக்கும் வண்டிக்கும் இருந்த உயரத்தை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள்.

அலுமினியமா இரும்பா என்பது நீங்கள் போகிற இடத்தைப் பொறுத்தது. சக்லேஷ்பூர், குடகு எஸ்டேட் பாதைகளில் சேறும் தடப் பள்ளமும்தான் அதிகம், அங்கே அலுமினியம் போதும். ராமநகரம் பக்கம் பாறையில் ஏற்றுகிறவர்களுக்கு இரும்புதான். அலுமினியத்தைக் கல் கிழித்துப் பிடித்துக்கொள்ளும், இரும்பு வழுக்கிக்கொண்டு போகும்.

சரி, கையில் இருக்கிற காசுக்கு எதை முதலில் போடுவது? எந்த இடத்தில் அடிபட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடுமோ அந்த இடத்தை முதலில் மூடுங்கள். ரேடியேட்டரின் அடிப்பாகம், ஆயில் சேம்பர். கம்பெனி போட்டுத் தருகிற தகடு மண்ரோட்டில் தெறிக்கிற கல்லுக்குச் சரி, இரண்டு டன் வண்டி பாறைமேல் உட்கார்ந்தால் அப்பளம். அதை எடுத்துவிட்டு, சேசிஸில் மாட்டுகிற நல்ல தகடு ஒன்று போடுங்கள். என்ஜின் ரப்பர் மவுன்ட்டில் ஆடும் என்பதால் சேம்பருக்கும் தகட்டுக்கும் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும்.

அடுத்தது கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும். பெரும்பாலான வண்டிகளில் முன் தகடு முடிகிற இடத்திலிருந்து இவை திறந்துதான் கிடக்கும், குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கியர்பாக்ஸின் அடிச்சட்டி மெல்லிய தகடு, ஆயில் ஒழுகிய பிறகும் ஓட்டினால் வருகிற பில் என் மொத்தத் தகட்டு வேலையையும் தாண்டும். இரண்டு தகடு போடும்போது ஓட்டு வீட்டில் ஓடு அடுக்குகிற மாதிரி அடுக்க வேண்டும். முன் தகட்டின் பின் ஓரம் அடுத்த தகட்டின் முன் ஓரத்துக்குக் கீழே இருந்தால்தான் கல் சறுக்கிப் போகும். மாற்றிப் போட்டிருந்தால் பின் தகட்டின் ஓரம் கலப்பை மாதிரி மண்ணை அள்ளும். அப்படி அள்ளியே கழன்று தொங்கிய தகட்டைக் கயிறு கட்டி ஓட்டி வந்தவரும் உண்டு.

மூன்றாவதாக மூட வேண்டியது டீசல் டேங்க். ஹைலக்ஸ் பிக்கப்பில் 80 லிட்டர், நிறைந்திருந்தால் அதுவே அறுபது கிலோவுக்கு மேல். இது சேசிஸின் ஒரு பக்கமாகத் தொங்குவதால், தடப் பள்ளத்தில் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தால் முதலில் தரையைத் தொடுவது டேங்க்தான். பாறையில் போகிறவர்கள் டேங்க் தகட்டுக்கு முன்பே ராக் ஸ்லைடர், அதாவது கதவுக்குக் கீழே சேசிஸில் மாட்டுகிற கனமான இரும்புக் குழாய் போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ஸ்லைடர் வேறு, ஃபுட்போர்டு வேறு. ஃபுட்போர்டைக் கறுப்பு பெயின்ட் அடித்து ஸ்லைடர் என்று விற்கிறார்கள். சோதனை சுலபம். அதற்கு அடியில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கச் சொல்லுங்கள், விற்றவர் தயங்கினால் அது வெறும் படிக்கட்டு.

பின் ஆக்ஸிலின் நடுவில் குண்டாகத் தெரிகிற பின் ஹவுசிங்குக்கு, சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கிற லோயர் ஆர்முக்கு எல்லாம் கவசம் விற்கிறார்கள். போட்டோவில் அழகாக இருக்கும். பின் ஹவுசிங் கொஞ்சம் அடி தாங்கும், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். "லிஃப்ட் கிட் போட்டுட்டேன் அண்ணா, இனி எதுவும் இடிக்காது" என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று: லிஃப்ட் கிட் சேசிஸைத்தான் தூக்கும். பின் ஹவுசிங் ஆக்ஸிலோடு சேர்ந்தது, அது இருந்த உயரத்திலேயேதான் இருக்கும். அதைத் தூக்கப் பெரிய டயர்தான் வழி, அதிலும் டயர் விட்டம் 2 அங்குலம் கூடினால் கிடைப்பது 1 அங்குலம்.

ஷோரூமில் அடிக்கிற கறுப்பு ரப்பர் கோட்டிங்கைப் பாதுகாப்பு என்று நம்பி வருகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை, பாவமாகத்தான் இருக்கிறது. துருவுக்கும் சத்தத்துக்கும் அது உதவும், கல்லுக்கு ஒன்றும் செய்யாது. ஓரிடத்தில் உரிந்தால் உள்ளே தண்ணீர் நின்று துருவைக் கண்ணுக்குத் தெரியாமல் வளர்க்கும். முன்னால் போடுகிற புல் பார் பற்றிக் கேட்கவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஏர்பேக் விரிவதையும் புல் பார் குழப்பும். அந்தக் காசில் கியர்பாக்ஸ் தகடு போடுங்கள்.

தகடு போட்ட பிறகும் வேலை இருக்கிறது. ஆயில் மாற்றத் துளை இல்லாத தகட்டை வாங்காதீர்கள். சர்வீஸில் ஒவ்வொரு முறையும் கழற்றுவார்கள், திரும்ப மாட்டும்போது எட்டு போல்ட்டில் ஐந்துதான் வரும், நான் தினமும் பார்க்கிறேன். 8.8 கிரேடு போல்ட் கேளுங்கள், தலை தகட்டுக்குள் பதிந்து இருக்கட்டும், வெளியே துருத்தினால் கல் அதைச் சீவிவிடும். அப்புறம், பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியை வடிகட்டுகிற டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடேறும். தகட்டுக்கும் அதற்கும் நடுவில் காய்ந்த புல் சிக்கியிருந்தால் தீப்பிடிக்கும். கோடையில் புல்வெளியில் இறங்கினால் நடுவில் ஒருமுறை நிறுத்திக் குனிந்து பாருங்கள், தயவுசெய்து.

அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சேம்பர் உடைந்ததோடு போயிருந்தால் சின்ன வேலை. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்த பிறகு "எஸ்டேட் கேட் வரைதானே" என்று அரைக் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். பேரிங் போய்விட்டது, என்ஜினைப் பிரித்து வைத்திருக்கிறேன். அந்த விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஆஃப் செய்யுங்கள், சேற்றின் நடுவில் என்றாலும் சரி. இரும்புச் சேம்பர் உள்ள வண்டியில் ஓட்டை விழாமல் நெளிந்தது மட்டும் என்றாலும் அலட்சியமாக இருக்காதீர்கள். உள்ளே ஆயில் உறிஞ்சுகிற குழாயின் சல்லடை சேம்பரின் அடியை ஒட்டித்தான் இருக்கும், நெளிவு அதை அடைத்துவிட்டால் ஆயில் நிறைய இருந்தும் என்ஜினுக்கு ஏறாது. டூல் பாக்ஸில் ஒரு எம்-சீல், ஒரு துணி சோப்புக் கட்டி போட்டு வையுங்கள். டேங்கில் மெல்லிய கசிவு என்றால் சோப்பை அழுத்தித் தேய்த்தால் ஊர் வரை தாங்கும்.

டிரிப் முடிந்து என்னிடம் கொண்டுவரும்போது அடியில் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுக் கொண்டுவாருங்கள். போன வாரம் ஒரு தகட்டைக் கழற்றியபோது ஒரு பக்கெட் செம்மண் கொட்டியது, அடியில் நின்றிருந்த பையன் அரை மணி நேரம் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான்.